கியர் பெட்டிக்குள் போன உப்புத்தண்ணீர்

தாணுலிங்கத்திடம் கார் கொண்டு போகிறவர்கள் வண்டியை நினைத்துப் பயப்படுவதைவிட அவர் கேட்கப்போகிற கேள்வியை நினைத்துத்தான் அதிகம் பயப்படுவார்கள். பானட்டைத் திறக்கச் சொல்வதற்கு முன்னாலேயே, தோளில் கிடக்கும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வண்டிய என்ன பண்ணுனீங்க?" என்று கேட்பார். "ஒண்ணும் பண்ணல அண்ணாச்சி, நல்லா ஓடிட்டு இருந்துச்சு, பொசுக்குன்னு நின்னுட்டு" என்று சொன்னால், "அப்ப நிக்கட்டும்" என்று ஸ்டூலில் போய் உட்கார்ந்துகொள்வார். உண்மை வெளியே வரும்வரை ஸ்பானரைத் தொட மாட்டார்.

அவர் பார்ப்பது ஆட்டோமேட்டிக் கியர் வண்டிகள் மட்டும்தான். சாதாரண கியர் பெட்டி என்றால் சத்தத்தை வைத்தே நோயைச் சொல்லிவிடலாம். ஆட்டோமேட்டிக் அப்படி இல்லை, அது வாயைத் திறக்காது. எல்லாம் உள்ளே எண்ணெயின் அழுத்தத்தில் நடக்கும் காரியம். சொந்தக்காரர் வாயிலிருந்து வருவதுதான் பாதி வைத்தியம் என்பது அவருடைய கட்சி. ஆனால் சொந்தக்காரர்கள் கழுவுற மீனில் நழுவுற மீன்கள். நின்றுபோன வண்டியைக் கயிறு கட்டிக் கயத்தாறிலிருந்து தரதரவென்று இழுத்து வந்தவர், கியர் பெட்டியில் இன்ஜின் ஆயிலை ஊற்றியவர், வண்டி முழுசாக நிற்கும் முன்பே பார்க்கிங் 'பி'யில் தள்ளுகிறவர் என்று எத்தனையோ பேர். எல்லாரும் முதலில் சொல்வது அந்த "ஒண்ணும் பண்ணல"தான். "வண்டி தானாக் கெடுகது நூத்துக்குப் பத்து. மிச்சம் ஆளு கெடுக்கது" என்று தெரு கேட்கிற மாதிரி சொல்லுவார். அந்தப் பேச்சுக்கே பாதிப்பேர் வர யோசிப்பார்கள். ஆனாலும் ஊரில் ஆட்டோமேட்டிக் பெட்டியைப் பிரித்து, பிரித்த மாதிரியே மூடத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்பதால் வந்துதான் தீர வேண்டும்.

ஆறுமுகநேரியில் பிறந்தவர். இருபத்து நான்கு வயதில் சவுதியில் உள்ள தம்மாமுக்குப் போய், அங்கே கியர் பெட்டி மட்டுமே பார்க்கிற ஒரு பட்டறையில் பதினொரு வருஷம் குனிந்த தலை நிமிராமல் கிடந்தார். திரும்பி வந்தபோது தூத்துக்குடியில் ஆட்டோமேட்டிக் கார்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கார்கள் பெருகியபோது அவருக்கு வயசாகிவிட்டது. இப்போது ஐம்பத்தெட்டு. ஹார்பர் போகிற சாலையிலிருந்து உள்ளே ஒதுங்கிய சந்தில் தகரக் கொட்டகை. நாள் முழுக்க கன்டெய்னர் லாரிகள் அதிர அதிரப் போகும். அட்டையை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தால் வலது தோள் எழுந்திருக்க விடாது. எழுந்துவிட்டால் இடுப்பு உட்கார விடாது. போதும் என்று தோன்றாத நாள் இல்லை. அடுத்தவன் கெடுத்ததைச் சரி செய்தே ஒரு ஆயுசு தீர்ந்துவிட்டதே என்று மத்தியானச் சோற்றைப் பிசைந்துகொண்டே நினைப்பார். அந்த நினைப்பில் அலுப்பு முக்கால், கர்வம் கால்.

அந்தப் புதன்கிழமை காலையில் ரெக்கவரி வண்டியின் முதுகில் ஏறி ஜெபசுதா டீச்சரின் கார் வந்தது, கூடவே டீச்சரும். பதினெட்டு வருஷத்துப் பழைய வண்டி, நான்கு கியர் ஆட்டோமேட்டிக். டீச்சர் அதை மூன்றாம் கையாக வாங்கிய நாளிலிருந்து ஆறு வருஷமாக வேறு யாரும் அதில் கை வைத்ததில்லை, தாணுலிங்கம்தான்.

ஜெபசுதாவுக்கு நாற்பத்தைந்து வயது. நாசரேத்துக்காரர். சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிப்போனது. இரும்புப் பட்டை போட்ட பூட்ஸ் இல்லாமல் நடக்க முடியாது. வேம்பாரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். தூத்துக்குடி வீட்டிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். பஸ் படியில் அந்தக் காலைத் தூக்கி வைப்பதற்குள் கண்டக்டர் விசில் அடித்துவிடுவார். ஆட்டோமேட்டிக் வண்டியில் இடது காலுக்கு வேலை கிடையாது. அதனால்தான் அந்தக் கார். அது ஓடினால் டீச்சர் வேலைக்குப் போவார். ஓடாவிட்டால் இல்லை.

தாணுலிங்கம் வழக்கம்போலக் கேட்டார். டீச்சர் நழுவவில்லை. கரும்பலகையில் கணக்குப் போடுவது போல வரிசையாகச் சொன்னார்.

"ஒரு மாசமா 'டி'ல போட்டா ரெண்டு செகண்ட் யோசிக்கு அண்ணாச்சி. பெறவு ஒரு குத்து குத்திட்டுக் கெளம்பும். போன வாரம் மூணாவது விழும்போது இன்ஜின் மட்டும் கத்திச்சு, வண்டி வேகம் எடுக்கல. நேத்து குளத்தூர் தாண்டி மொத்தமா நின்னுட்டு. இன்ஜின் ஓடுது, வண்டி நகரல. கட்டி இழுத்துட்டுப் போலாம்னாங்க, நான் விடல. ரெக்கவரி வண்டி வர ரெண்டரை மணி நேரம் ஆச்சு. அதுவரைக்கும் வெயில்லதான் நின்னேன்."

எல்லா வாடிக்கையாளரும் இப்படி இருந்துவிட்டால் என்ன என்று தாணுலிங்கத்துக்குத் தோன்றியது. "வேற என்ன பண்ணுனீங்க?" என்றார், கேட்டாக வேண்டுமே என்பதற்காக.

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். "போன மாசம் ஸ்கூல் வாசல்ல சூடு காட்டுத முள்ளு மேல ஏறிட்டு. ஒரு பாட்டில் தண்ணி பிடிச்சு ரேடியேட்டர்ல ஊத்துனேன். போர் தண்ணி, உப்பு. தெரிஞ்சுதான் ஊத்துனேன், வேற தண்ணி இல்ல."

தாணுலிங்கம் கியர் ஆயில் அளவுக்கம்பியை உருவிப் பார்த்தார். சிவப்பாக, கண்ணாடி போல இருக்க வேண்டிய எண்ணெய், ரோஸ் மில்க் மாதிரி வெளுத்து நுரைத்திருந்தது. பெட்டிக்குள் தண்ணீர் போயிருக்கிறது. அதற்கு ஒரே ஒரு வழிதான் உண்டு. ரேடியேட்டரின் அடித்தொட்டிக்குள் ஒரு சின்னக் குழாய் ஓடும். சூடான கியர் எண்ணெய் அதன் வழியாகப் போய் ஆறித் திரும்பும். குழாய்க்கு வெளியே தண்ணீர், உள்ளே எண்ணெய். குழாய் அரித்து ஓட்டை விழுந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

"உள்ள கிளட்ச் பிளேட்டுல காயிதம் மாதிரி ஒரு பட்டை ஒட்டியிருக்கும் டீச்சர். தண்ணி பட்டா நோட்டு அட்டை பிரியுத மாதிரி பிரிஞ்சு வந்துரும். பெறவு எங்கன பிடிக்கும்?" என்றார்.

"நான் ஊத்துன தண்ணியா அண்ணாச்சி?"

"கழத்திப் பாத்துட்டுச் சொல்லுதேன்."

மறுநாள் காலையில் ரேடியேட்டரைக் கழற்றினார். எண்ணெய்க் குழாயின் ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் காற்றை விட்டு, தண்ணீர் டிரம்முக்குள் அமுக்கினார். கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது. சரி, ஓட்டை இருக்கிறது. அடித்தொட்டியைப் பிரித்து உள்ளே டார்ச் அடித்தார். உப்பளத்துப் பாத்தி போல ஒரு வெள்ளைப் படிவு விரல் கனத்துக்கு ஏறியிருந்தது. ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினார். அடுக்கடுக்காக உதிர்ந்தது. படிவுக்குக் கீழே குழாய் அம்மைத் தழும்பு விழுந்த முகமாக இருந்தது.

ஒரு பாட்டில் தண்ணீர் ஒரு மாசத்தில் செய்கிற வேலை இல்லை அது. வருஷக்கணக்கான வேலை.

தாணுலிங்கத்தின் கண் தானாகக் கொட்டகை மூலைக்குப் போனது. அங்கே போர் தண்ணீர்க் குழாயும் அதில் மாட்டிய பச்சை ஹோசும் கிடந்தன. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை டீச்சர் வண்டி சர்வீசுக்கு வரும். ரேடியேட்டர் தண்ணீரைத் திறந்துவிட்டு, அந்த ஹோசால் அலசி, அதே தண்ணீரை நிரப்பி, நிறத்துக்கு ஒரு மூடி கூலன்ட் ஊற்றி அனுப்புவது அவர்தான். பன்னிரண்டு தடவை.

தெரியாமல் செய்ததா என்றால் அதுவும் இல்லை. தம்மாமில் ரேடியேட்டருக்குச் சுத்தத் தண்ணீரைக் கேனிலிருந்துதான் ஊற்றுவார்கள். கை தவறிக் குழாய்த் தண்ணீரைப் பிடித்தவன் அன்றைக்கு ஏச்சு வாங்குவான். ஆனால் இந்தப் பக்கத்தில் தண்ணீருக்கு இரண்டு சாதி உண்டு. நல்ல தண்ணீர் என்றைக்கோ ஒரு நாள் குழாயில் வரும்; அது குடிக்க, உலை வைக்க. மற்றதுக்கெல்லாம் உப்புத்தண்ணீர். குளிக்க, துவைக்க, பாத்திரம் தேய்க்க, கார் கழுவ, கார் வயிற்றில் ஊற்ற. ஊரே அப்படித்தான். தம்மாமிலிருந்து வந்த புதிதில் ஒரு தடவை வீட்டிலிருந்து ஒரு குடம் நல்ல தண்ணீரைப் பட்டறைக்குத் தூக்கியபோது அவர் மனைவி சந்தனமாரி வாசலிலேயே மறித்தாள். "குடிக்கத் தண்ணியில்ல, காருக்கு அபிஷேகமாக்கும்!" அன்றோடு அந்தப் பழக்கம் முளையிலேயே பட்டுப்போனது. அப்புறம் அவருக்கும் அது தப்பு என்கிற நினைப்பே வரவில்லை. ஊரார் முதுகு அழுக்கையெல்லாம் தெருவில் நின்று சொன்னவருக்குத் தன் முதுகு தெரியவில்லை.

மத்தியான இடைவேளையில் டீச்சர் போன் செய்தார். அன்றைக்கு யாரோ சக ஆசிரியரின் காரில் தொற்றிக்கொண்டு போயிருந்தார். "கழத்திட்டீங்களா அண்ணாச்சி? நான் ஊத்துன தண்ணிதானா?"

சொல்லியிருக்கலாம். ஒரே மூச்சில், 'இல்ல டீச்சர், என் தப்பு' என்று சொல்ல வேண்டியதுதானே? திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி ஆகிவிட்டது. அதோடு உடம்பு அலுப்பு வேறு. சொன்னால் பேச வேண்டும், விளக்க வேண்டும், ஊர் கேட்கும். "உப்புத்தண்ணி அரிச்சிருக்கு டீச்சர்" என்று மட்டும் சொன்னார்.

அந்தப் பக்கம் பள்ளிக்கூட மணி அடித்தது. "என் தப்புதான்" என்று டீச்சர் போனை வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை டீச்சரின் அண்ணன் டேவிட்சன் வந்தார். துறைமுகச் சரக்குக்கான ஒரு கிளியரிங் ஆபீசில் வேலை. நல்ல மனுஷன்தான்; தங்கச்சியை நினைத்து நினைத்தே நெற்றி சுருங்கிப்போனவர்.

"ரெண்டரை மணி நேரம் அண்ணாச்சி. அந்தக் காலோட, அந்த ரோட்ல, ஒத்தையில. எனக்கு ராத்திரி கண்ணு மூடல" என்றார். "நா ஆறு வருஷமா சொல்லுதேன், நாசரேத்துல வீடு சும்மா கெடக்கு, அங்கன மாத்தல் கேளு, இல்லன்னா வேலைய விட்டுட்டு இருன்னு. கேக்கவே மாட்டா. இப்ப அவளே ஒத்துக்கிட்டா. 'தண்ணியக்கூடப் பாத்து ஊத்தத் தெரியாதவளுக்கு எதுக்கு அண்ணே காரு'ங்கா. நீங்க சரி பண்ணி ஓட வச்சுத் தாங்க, வித்துருவோம். ஆள் சொல்லி வச்சிட்டேன். அவ மனசு மாறாம இருக்க, ஒங்க வாயாலயும் ஒரு வார்த்தை சொல்லணும். நீங்க சொன்னா அவளுக்கு வேதவாக்கு."

தாணுலிங்கம் தலையை ஆட்டினார். சரி என்று ஆட்டினாரா, சும்மா ஆட்டினாரா என்று அவருக்கே தெரியாது. டேவிட்சன் சரி என்றே எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அப்புறம் எட்டு நாள் வேலை. பக்கத்துக் கடை வெல்டர் இன்பமணி ஒரு கை பிடிக்க, கியர் பெட்டியை இறக்கினார். பிரித்தபோது கிளட்ச் பட்டைகள் கஞ்சியில் ஊறிய காகிதமாக விரலோடு வந்தன. கோயம்புத்தூரிலிருந்து புதுப் பிளேட்டுகள் பார்சலில் வந்தன. இன்ஜினுக்கும் பெட்டிக்கும் நடுவே இருக்கிற கன்வெர்ட்டர் உருண்டைக்குள் போன தண்ணீரைக் கழுவி எடுக்க முடியாது என்பதால், அதற்கு வேறொன்று தேடிப் பிடித்தார். எண்ணெய்க்கு வழி பிரித்துவிடும் வால்வுத் தட்டு ஒரு குட்டி ஊர் வரைபடம் போல இருக்கும். அதன் ஒவ்வொரு சந்துபொந்தையும் ஊதி ஊதிச் சுத்தம் செய்தார். புதுப் பிளேட்டுகளை எண்ணெயில் ஊறப்போட்டு அடுக்கினார். இடைவெளியை அளந்தார். ஒவ்வொரு கிளட்ச்சுக்கும் காற்று விட்டு, 'டப்' என்று உட்காருகிற சத்தத்தைக் கேட்ட பிறகே மூடினார். ஒரு தடவை சந்தேகம் வந்து, மூடியதைத் திரும்பத் திறந்தார். எந்த வண்டிக்கும் அவர் அப்படிச் செய்ததில்லை. தோள் கெஞ்சியது. கெஞ்சட்டும் என்று விட்டார். வலிக்க வலிக்க வேலை செய்தால் சொல்லாமல் விட்டதற்கு ஈடாகிவிடும் என்று ஒரு நப்பாசை. அது ஈடாகாது என்பதும் அவருக்குத் தெரியும்.

புது ரேடியேட்டரை மாட்டிய அன்று காலையில், வீட்டில் நல்ல தண்ணீர்க் குடத்தைத் தூக்கினார். சந்தனமாரி இந்தத் தடவை மறிக்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு விஷயம் இருப்பது தெரிந்துவிட்டது. குடத்தை இறக்கி வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னார்.

"டீச்சர்ட்ட சொல்லிட்டீங்களா?" என்றாள்.

"சொல்லணும்."

"சொல்லணும்னா எப்ப? வண்டிய வித்த பெறவா?" அவள் இன்னொரு குடத்தையும் எடுத்து வாசலில் வைத்தாள். "நான் அன்னைக்கு மறிச்சதும் இதுல சேத்திதான். அதையும் சேத்துச் சொல்லிருங்க. யாரும் ஒங்கள முழுங்கிர மாட்டாங்க."

தன்னைத் தவிர எல்லாரும் எவ்வளவு சுலபமாக உண்மையைச் சொல்லிவிடுகிறார்கள் என்று அவருக்கு ஆத்திரமாக வந்தது.

சனிக்கிழமை அண்ணனும் தங்கச்சியும் வந்தார்கள். முதலில் ஓட்டிப் பார்க்க வேண்டும். டீச்சர் ஸ்டியரிங்கில், தாணுலிங்கம் பக்கத்தில், டேவிட்சன் பின்னால். 'டி'யில் போட்டதும் வண்டி யோசிக்காமல் பிடித்தது. ஹார்பர் சாலையில் முதல் கியர், இரண்டு, மூன்று. மாறியது எப்போது என்றே தெரியவில்லை. நான்காவது விழுந்தபோது டீச்சருடைய முகம் ஒரு கணம் மலர்ந்து, உடனே சுருங்கியது. தாணுலிங்கம் அதைப் பார்த்தார். விற்கப்போகிற வண்டியைக் கடைசியாக ஓட்டுகிறவரின் முகம் அது. திரும்பும்போது டீச்சர் தேவையில்லாமல் ஒரு தெரு சுற்றிக்கொண்டு வந்தார்.

கொட்டகைக்கு முன்னால் வண்டி நின்றது. "சொல்லுங்க அண்ணாச்சி" என்றார் டேவிட்சன், பின் சீட்டிலிருந்து. "இந்த வயசான வண்டிய இவ வச்சு மேய்க்க முடியுமா? இனி வேண்டாம்னு நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க."

டீச்சர் இன்ஜினை அணைத்துவிட்டு, தீர்ப்பு கேட்கிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"டீச்சர் ஊத்துன தண்ணியில இது கெடல" என்றார் தாணுலிங்கம். சொல்லத் தொடங்கியதும் நிறுத்த முடியவில்லை. "ஒரு பாட்டில் தண்ணி ஒண்ணும் பண்ணாது. ஆறு வருஷமா நான் அந்தா கெடக்க ஹோசுலதான் ரேடியேட்டர ரொப்பினேன். உப்புத்தண்ணி. தப்புன்னு தெரிஞ்சவன் நான், தம்மாம்ல வேல பாத்தவன். ஊரு செய்யுதேன்னு நானும் செஞ்சேன். வண்டியக் கெடுத்தது நான்தான். டீச்சர் மாதிரி வண்டி ஓட்டுத ஆள் இந்த ஊர்ல இல்ல. இனி நல்ல தண்ணி மட்டும் ஊத்துனா இது இன்னும் எத்தனையோ வருஷம் ஓடும். விக்காதீங்க."

டேவிட்சன் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். "என்னய்யா பேசுதீரு! வாரவன் போறவனையெல்லாம் 'என்ன பண்ணுன'ன்னு கேக்குத ஆளுல்ல நீரு? ஒம்ம நம்பியா அந்தப் பிள்ளைய ரோட்ல விட்டோம்?" என்று கத்தினார். இன்பமணி வெல்டிங்கை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். எதிர் டீக்கடையும் பார்த்தது. தாணுலிங்கம் எதிர்பார்த்ததுதான். அது அவ்வளவாக வலிக்கவும் இல்லை. ஒருவிதத்தில் பாரம் இறங்கியதாகக்கூட இருந்தது.

டீச்சர் கத்தவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கேட்டார்.

"ஒங்களுக்கு எப்பத் தெரியும் அண்ணாச்சி?"

"ரேடியேட்டரப் பிரிச்ச அன்னைக்கு."

"வியாழக்கெழம. நான் போன் பண்ணேனே, அப்பவா?"

"அதுக்கு முந்தியே தெரியும்."

டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது. "கார் கெட்டது போகட்டும். ஊர் பூரா அந்தத் தண்ணியத்தான் ஊத்துது, நானும் ஊத்துனேன். ஆனா வியாழக்கெழமையில இருந்து இன்னைக்கு வரைக்கும் பத்து நாள். என் கையாலயே என் காலை ஒடிச்சுக்கிட்டேனேன்னு வகுப்புல பிள்ளைக முன்னால நிக்க முடியாம நின்னேன். வேலைய விடுதேன்னு எழுதிக்கூட வச்சிட்டேன். நீங்க அங்கன இருந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தாப் போதும், எல்லாம் போயிருக்கும். சொல்லல. நீங்க கேட்டதும் நான் உண்மையச் சொல்லிட்டேன், அதுக்கு இதுதானா?"

சந்தனமாரி சேர்த்துச் சொல்லச் சொன்னதைத் தாணுலிங்கம் சொல்லவில்லை. சொன்னால் பங்கு பிரிப்பது போலாகிவிடும். கதவைத் திறந்து இறங்கினார். இறங்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டு, சிறிது நேரம் கதவைப் பற்றியபடி நிற்க வேண்டியிருந்தது. யாரும் கை கொடுக்கவில்லை.

"அண்ணே, வண்டிய விக்கல. ஏறுங்க" என்றார் டீச்சர்.

டேவிட்சன் முன் சீட்டில் ஏறிக்கொண்டார். வண்டி கியர் மாறுகிற சத்தமே இல்லாமல் சந்து முனையைக் கடந்து போனது.

அதன் பிறகு பட்டறைக்கு வாரம் இரண்டு கேன் சுத்தத் தண்ணீர் வர ஆரம்பித்தது. ஊரும் எதிர்பார்த்த அளவுக்கு ஏசவில்லை; நான்கு நாள் பேசிவிட்டு அடுத்த கதைக்குப் போய்விட்டது. கியர் நின்றுபோனவர்களுக்கு வேறு போக்கிடமும் இல்லை. ஆறு மாசம் கழித்து, சர்வீசுக்கு உரிய மாசத்தில், தாணுலிங்கம் ஒவ்வொரு நாளும் சந்து முனையைப் பார்த்தார். மாசம் முடிந்தது. டீச்சர் வண்டி வரவில்லை.

அதற்கடுத்த மாசம் டேவிட்சன் தன் ஆபீஸ் மேனேஜரின் காரை ஓட்டிக்கொண்டு வந்தார். கோபமெல்லாம் ஆறிப்போயிருந்தது. வண்டியைக் காட்டிவிட்டு டீ குடித்தார். தாணுலிங்கம் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

"டீச்சர் வேம்பாருக்குத்தான் போறாங்களா?"

"தெனமும் போறா. சர்வீசுக்குத் திருநெல்வேலிக்குக் கொண்டு போறா. லீவு நாள்ல காலையிலேயே கெளம்பிப் போயி, பொழுதன்னைக்கும் அங்கனயே காத்துக் கெடந்து எடுத்துட்டு வாரா."

"கியர் எப்படி விழுதாம்?"

"ஒரு குறையும் இல்லைன்னு சொன்னா" என்றார் டேவிட்சன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கொஞ்சம் தயங்கிச் சொன்னார். "இத ஒங்ககிட்ட சொல்லுன்னு அவ சொல்லல அண்ணாச்சி. நானாத்தான் சொல்லுதேன்."